கணக்குக் கேட்டவர்

2025ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 17ஆம் நாள், வெள்ளிக்கிழமை. புதுக்கோட்டை மாவட்டம் திருமயத்தை அடுத்த வெங்களூரில், பள்ளிவாசலில் தொழுகை முடித்து இருசக்கர வாகனத்தில் திரும்பிக் கொண்டிருந்தார் ஜகபர் அலி. லாரி ஒன்று மோதியது, உயிர் பிரிந்தது. முதலில் விபத்து என்றே பதிவாயிற்று. அவருடைய மனைவி அளித்த புகாருக்குப் பின் அது கொலை வழக்காக மாறியது. குவாரி உரிமையாளர்கள் கைதாயினர், விசாரணை சி.பி.சி.ஐ.டி. வசம் சென்றது. குற்றவாளிகள் யார் என்பதை உறுதி செய்ய வேண்டியது நீதிமன்றம்.

அவர் செய்ததுதான் என்ன? முன்னாள் ஒன்றியக் கவுன்சிலரான அவர், தம் பகுதியில் சட்டத்துக்குப் புறம்பாகக் கல் வெட்டப்படுகிறது என்று அதிகாரிகளிடம் மனு கொடுத்து வந்தார். அவ்வளவே!

கல் போனால் நமக்கென்ன என்று கேட்போர் உண்டு. குவாரியிலிருந்து வெளியேறும் கல்லுக்கு அரசு வசூலிக்கும் சீனியரேஜ் தொகை உள்ளாட்சி மன்றங்களுக்கே வந்து சேர வேண்டியது. ஒரு நடைச்சீட்டைக் காட்டி இரண்டு லோடு கடத்தப்படுமானால், இரண்டாவது லோடு ஊராரின் குடிநீர்க் குழாயிலிருந்தும் தெருவிளக்கிலிருந்தும் திருடப்பட்டதாகும். லாரியை எண்ண வேண்டியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அவரும் அத்திருட்டில் பங்காளியே.

இலஞ்சம் என்றதும் மேசைக்கு அடியில் நீளும் கையைத்தான் நினைக்கிறோம். வந்த மனுவைப் பிரிக்காமல் வைத்திருப்பதும், அளக்க வேண்டிய இடத்தை அளக்காதிருப்பதும், மனுதாரரின் பெயரை எதிராளியின் செவியில் போடுவதும் ஊழல் அல்லவா? பணம் வாங்கியவன் பொருளைக் கெடுக்கிறான். பெயரைக் காட்டிக் கொடுப்பவனோ ஓர் உயிரையே பணயம் வைக்கிறான்.

கணக்குக் கேட்பது தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூர்ச் சபையார் குடவோலைத் தேர்தலுக்கு விதி வகுத்துக் கல்லில் பொறித்தனர். வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் தேர்தலுக்குத் தகுதியற்றவர் என்றது அவ்விதி. அன்று கல் கணக்குக் கேட்டது. இன்று கல்லுக்கே கணக்கில்லை!

அந்தச் சபை நமக்கும் உண்டு. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபைக்கு உரியவை. வரவு செலவைப் படித்துக் காட்டுமாறு அங்கே எவரும் கேட்கலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்டால், பொதுவாக 30 நாள்களுக்குள் விடை தரவேண்டும். நம்மில் எத்தனை பேர் போகிறோம்? எத்தனை பேர் கேட்கிறோம்?

அன்புக்குரிய பெற்றோரே, வீட்டு வரி இரசீதுக்கும் வரைபட அனுமதிக்கும் நாம் "ஏதோ கொடுத்து முடித்துவிடும்" காட்சியை நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வாக்குக்குப் பணம் வாங்கும் கையையும் பார்க்கிறார்கள். அதே பிள்ளை நாளை அலுவலக நாற்காலியில் அமரும்போது, வீட்டில் கற்றதையே செய்யும்.

தனியாகக் கேட்டவரை ஒரு லாரியால் வீழ்த்த முடிந்தது. அடுத்த கிராம சபைக்குக் குடும்பத்தோடு செல்வோம். அவர் கேட்ட கணக்கை ஊராய்ச் சேர்ந்து கேட்போம்.