தெர்மகோல் கட்டியும் பூட்டிய அறையும்

லண்டன் சாரிங் கிராஸ் சாலையில் இருந்த செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப்பள்ளியில் 1969-ல் சிற்பம் படிக்கச் சேர்ந்தவர்களை ஓர் அறைக்குள் விட்டுக் கதவைப் பூட்டினார்கள். ஆளுக்கொரு தெர்மகோல் கட்டி. அதை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. பேசக் கூடாது என்பது விதி. ஆசிரியர்கள் அங்கேயே இருந்து கவனிப்பார்கள். பாராட்டவும் மாட்டார்கள், திருத்தவும் மாட்டார்கள்.

இந்தப் பயிற்சி திடீரென்று முளைத்ததல்ல. அதே பள்ளியில் 1953 முதல் பாடம் எடுத்தவர் ஆண்டனி கேரோ. ஹென்றி மூரிடம் உதவியாளராக இருந்த அவர், 1960-ல் இரும்புக்கு மாறினார். 1962-ல் அவர் செய்த ‘ஏர்லி ஒன் மார்னிங்’ ஆறு மீட்டருக்கு மேல் நீளும் சிவப்புச் சிற்பம். முதலில் அதற்குப் பச்சை பூசியிருந்தார்; சிவப்பாக்கச் சொன்னது அவர் மனைவியும் ஓவியருமான ஷீலா கர்லிங். தகடும் குழாயும் சட்டமுமாக அது நேரே தரையில் நிற்கிறது. பீடம் கிடையாது. பீடத்தின் மேல் நிற்கும் சிலையை நிமிர்ந்து பார்த்தால் போதும். இதற்கு நாம் சுற்றி நடந்தாக வேண்டும். ஒரு பக்கம் நின்றால் படம்போலத் தட்டையாகிவிடும், மறுபக்கம் போனால் நீண்டு விரியும். இரும்புத் துண்டுகளுக்கு இடையே உள்ள வெற்றிடமும் சிற்பத்தில் சேர்ந்தது என்று இதைவிடத் தெளிவாகக் காட்டிய படைப்பு எனக்குத் தெரிந்து குறைவு.

பீடம் போனதும் மாணவர்கள் இன்னும் பலவற்றைக் கேட்கத் தொடங்கினார்கள். உலோகம் வேண்டுமா? பொருளே வேண்டுமா? அங்கே படித்துக்கொண்டிருந்த ரிச்சர்ட் லாங், 1967-ல் ஒரு புல்வெளியில் புல் மடங்கிக் கோடு விழும்வரை முன்னும் பின்னும் நடந்தார். அந்தக் கோட்டைப் புகைப்படம் எடுத்தார். அதுதான் படைப்பு. பகுதிநேர ஆசிரியர் ஜான் லேதம் இன்னும் ஒருபடி மேலே போனார். கேரோவைத் தூக்கிப்பிடித்த விமர்சகர் கிளமென்ட் கிரீன்பெர்க்கின் நூலைப் பள்ளி நூலகத்தில் இரவல் வாங்கி, 1966-ல் தன் வீட்டில் மாணவர்களையும் நண்பர்களையும் கூட்டி, அதன் தாள்களை மென்று துப்பச் செய்தார். நூலகம் புத்தகத்தைக் கேட்டபோது, அந்தக் கூழிலிருந்து வடித்த திரவத்தைக் குப்பியில் கொடுத்தார். வேலை போயிற்று. அந்தக் குப்பி இன்று நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பூட்டிய அறைக்கு வருகிறேன். அதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் பீட்டர் கார்டியா. பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகளிடம் மறுமொழியே சொல்லாமல் இருப்பது கொடுமை என்றே நினைக்கிறேன். அப்படியே இன்று பின்பற்றச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அதன் நோக்கத்தை மதிக்கிறேன். சிற்பம் என்றால் என்ன என்று முன்பே தெரிந்துகொண்டு வந்தவர், தெரிந்ததையே திரும்பச் செய்வார். பெயரும் மதிப்பெண்ணும் இல்லாத இடத்தில் கைக்கும் கட்டிக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதை அவரே கவனித்தாக வேண்டும். அழுத்தினால் நொறுங்குகிறது, தள்ளினால் கிறீச்சிடுகிறது, ஓரமாக வைத்தால் அறையே வேறாகிறது.

அந்தப் படிப்பில் பயின்றவர்களில் ஒருவர் ரிச்சர்ட் டீக்கன். 1987-ல் டர்னர் பரிசு பெற்றவர். மெல்லிய மரக் கீற்றுகளை வளைத்து அடுக்கி ஒட்டுவார், தகடுகளைத் திருகாணியாலும் ரிவெட்டாலும் இணைப்பார். ஒட்டிய இடத்தில் பிதுங்கிய பசையைச் சுரண்டிவிடாமல் விட்டுவைப்பார். தன்னைச் சிற்பி என்பதைவிட, பொருள்களை இணைத்து உருவாக்கும் தொழிலாளி என்று சொல்லிக்கொள்வதே அவருக்குப் பிடிக்கும்.