ரிமோட்டைப் பிடுங்கினால் போதுமா?

குடும்பத்தோடு டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு பாட்டு வருகிறது. கேமரா அந்தப் பெண்ணின் முகத்துக்குப் போவேனா என்கிறது. இடுப்பு, முதுகு, மறுபடி இடுப்பு! அது முடிந்தால் விளம்பரம். விற்பது என்னவோ ஆண்களுக்கான வாசனை ஸ்ப்ரேதான். ஆனால், அதை அடித்துக்கொண்டதுமே நாலு பெண்கள் ஓடிவந்து மேலே விழுகிறார்கள். தாத்தா பேப்பரை விரித்துக்கொள்கிறார். அப்பா தொண்டையைக் கனைக்கிறார். ‘‘ஏய்... சேனலை மாத்துடி!’’ என்கிறார் அம்மா.

மாற்றியாச்சு. சங்கடம் தீர்ந்தது. பாதிப்பு தீர்ந்ததா?

‘வெட்கம், மானம் எல்லாம் போச்சு’ என்று அலுத்துக்கொள்வதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். இது மானம் சம்பந்தப்பட்டது மட்டுமில்லீங்க, ஆரோக்கியம் சம்பந்தப்பட்டதும்கூட!

ஃபிஜித் தீவில் நடந்தது

பசிபிக் கடலில் இருக்கும் ஃபிஜியில் பூசினாற்போல உடம்பு இருந்தால்தான் அழகு. ‘நல்லா சதை போட்டிருக்கியே!’ என்றால் பாராட்டு. அங்கே ஒரு கிராமப் பகுதிக்கு 1995-ல்தான் டி.வி. வந்தது. பெரும்பாலும் வெளிநாட்டுத் தொடர்கள், விளம்பரங்கள். ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஆன் பெக்கர், டி.வி. வந்த புதிதில் பள்ளி மாணவிகளிடம் விசாரித்தார். 1998-ல் அதே வயது மாணவிகளிடம் மறுபடி விசாரித்தார். எடையைக் குறைப்பதற்காகச் சாப்பிட்டதை வாந்தியெடுக்கும் பழக்கம் முதல் தடவை ஒருவரிடமும் இல்லை. மூன்றே வருஷத்தில் நூற்றுக்கு 11 பேரிடம்! ‘நான் குண்டு’ என்று அவ்வப்போதாவது நினைத்தவர்கள் நூற்றுக்கு 74 பேர். ஒவ்வொரு தடவையும் அறுபது சொச்சம் பேரிடம் செய்த சின்ன ஆய்வுதான். ஆனால், அது சொல்லும் சேதி சின்னதல்ல.

கணக்கும் தப்பாகும்!

1998-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கல்லூரி மாணவ, மாணவிகளைத் தனித்தனி அறையில் கண்ணாடி முன்னால் நிற்கவைத்தார்கள். சிலருக்கு நீச்சல் உடை, சிலருக்கு ஸ்வெட்டர். அப்படியே ஒரு கணக்குப் பரீட்சை. நீச்சல் உடையில் இருந்த பெண்கள் குறைவாக மார்க் வாங்கினார்கள். ஆண்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. பார்ப்பதற்கு அறையில் ஒருவருமே இல்லை. ஆனாலும், ‘நான் எப்படித் தெரிகிறேன்?’ என்ற நினைப்பே மூளையின் பாதியைத் தின்றுவிடுகிறது!

எந்தப் பாட்டு ஆபத்து?

‘அப்போ காதல் பாட்டே கேட்கக்கூடாதா?’ என்று பதறாதீர்கள். 12 முதல் 17 வயது வரையுள்ள 1,461 அமெரிக்கப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2006-ல் வெளிவந்தது. பெண்ணை வெறும் போகப்பொருளாக இழிவுபடுத்தும் பாட்டுகளை அதிகம் கேட்டவர்கள், சீக்கிரமே உடலுறவில் இறங்குவது அதிகமாக இருந்தது. இழிவு இல்லாத பாட்டுகளில், அவை உடலுறவைப் பற்றியே பாடினாலும், அந்தத் தொடர்பு தெரியவில்லை. பாட்டுதான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் கவனியுங்கள்... கோளாறு காதலில் இல்லை, அவமதிப்பில் இருக்கிறது.

ஆகவே, பாட்டைப் பார்த்த எரிச்சலில், ‘துப்பட்டாவை ஒழுங்கா போடு, யாராவது பார்ப்பாங்க’ என்று பெண்ணின் மேல் பாயாதீர்கள். ‘உன் உடம்பு மற்றவர் பார்வைக்கானது’ என்று விளம்பரம் சொல்வதையே நீங்களும் வேறு வார்த்தையில் சொல்கிறீர்கள். ‘என் உடம்பு எனக்குச் சொந்தம், காட்சிப்பொருள் அல்ல’ என்ற தன்மதிப்புதான் உண்மையான நாணம். அது பையனுக்கும் வேண்டும்!

என்ன செய்யலாம்?

★ சேனலை மாற்றும் முன் பையனிடமே கேளுங்கள்: ‘‘ஸ்ப்ரே விக்க இத்தனை பொண்ணுங்க எதுக்குடா?’’ தானாக யோசிப்பான்.

★ செல்போனில் பிள்ளை கேட்கும் பாட்டை நீங்களும் கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள்.

★ ‘குண்டு’, ‘கருப்பி’ போன்ற பட்டப்பெயர்கள் வீட்டில் கூடவே கூடாது.

★ சாப்பாட்டைத் தவிர்ப்பது, சாப்பிட்டதும் பாத்ரூமுக்கு ஓடுவது, ஓயாமல் எடை பார்ப்பது... இவை இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அடிக்கடி வாந்தியெடுத்தால் பல் எனாமல் அரிக்கும். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

★ மோசமான விளம்பரமா? இந்திய விளம்பரத் தர கவுன்சிலுக்குப் புகார் அனுப்புங்கள். பெண்களை ஆபாசமாகச் சித்திரிப்பதைத் தடைசெய்யும் சட்டம் 1986-லேயே வந்துவிட்டது. 2022 ஜூனில், பாலியல் பலாத்காரத்தை வேடிக்கையாக்கிய ஒரு வாசனை ஸ்ப்ரே விளம்பரம் மக்கள் கொதித்தெழுந்த பிறகு நிறுத்தப்பட்டது, ஞாபகமிருக்கிறதா?

ரிமோட் உங்கள் கையில் எப்போதும் இருக்காது. பிள்ளை தனியாகப் பார்க்கும்போது துணைக்கு இருப்பது, நீங்கள் பேசிய பேச்சுதான். இன்றைக்கே பேச ஆரம்பியுங்கள்!