பின்சக்கரத்தின் கீச்சொலி
மழைக்கால விடியலில் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் எழுந்து அடங்கும் கீச்சொலி, ஈரத்தில் படிந்த துருவின் வேலை. அதற்குச் செலவு வேண்டாம். நாள் முழுதும் தொடர்ந்தால் டிரம்மைத் திறந்தாகவேண்டும். நம் சிறிய கார்கள் பலவற்றில் பின்புறம் டிரம் பிரேக்தான்.

சமதளத்தில் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கைப்பிரேக்கை விடுவித்து, காரை ஜாக்கியால் உயர்த்தித் தாங்கியில் நிறுத்திய பின்னரே டிரம்மைக் கழற்றுகிறோம். தூசியை வாயால் ஊதலாகாது. பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும். பிரேக் கிளீனர் தெளித்து ஈரத்துணியால் துடைக்கிறோம். பளபளத்துப்போன லைனிங்கை, மூக்கை மூடிக்கொண்டு, உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கிறோம். ஷூ உரசும் பின்தட்டு மேடுகளில் வெப்பம் தாங்கும் கிரீஸ் பொட்டளவு போதும். லைனிங்கில் பட்டால் பிரேக் பிடிக்காது.

லைனிங் தேய்ந்திருப்பின் இருபக்கமும் சேர்த்தே மாற்றவேண்டும். சிலிண்டரில் கசிவு தென்பட்டால் மெக்கானிக்கை அழைப்போம். அங்கே சிக்கனத்துக்கு வங்கிக்காரரான நாமும் பரிந்துரைக்கமாட்டோம். எல்லாம் மாட்டியபின், பெடல் இறுகும்வரை மிதித்து, ஆளில்லாத் தெருவில் மெல்ல ஓட்டிப் பார்த்த பிறகே சாலைக்குச் செல்கிறோம்.