நல்ல பொருள் ஏன் தோற்றது?



பொருள் தரமாக இருந்தால் தானாகவே விலைபோகும் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால், வாங்கியவர்கள் எல்லோரும் மெச்சிய ஒரு பொருள் இரண்டரை வருடங்கள் கூட நின்றுபிடிக்காமல் சந்தையை விட்டு மறைந்த கதை ஒன்று உண்டு. அது பிள்ளைகளின் வீடியோ விளையாட்டுப் பெட்டியின் கதை. "விளையாட்டுச் சாமானைப் பற்றி நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வீட்டுச் செலவைப் பார்த்துப் பார்த்துச் செய்யும் உங்களுக்கு இதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது.

ஜப்பானின் சேகா கம்பனி 1998 நவம்பர் 27ஆம் திகதி 'ட்ரீம்காஸ்ட்' என்ற பெட்டியை வெளியிட்டது. தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் சாதனம் இது. தொலைபேசி வழியாக இணையத்தோடு தொடர்புகொள்ளும் மோடமும் இதன் உள்ளேயே இருந்தது. வேறு ஊரில் இருப்பவரோடு வீட்டிலிருந்தே விளையாடலாம் என்பது அந்நாளில் பெரும் புதுமை. 1999 செப்டெம்பர் 9ஆம் திகதி அமெரிக்காவில் 199 டொலருக்கு விற்பனைக்கு வந்தபோது, முதல் 24 மணித்தியாலத்தில் மட்டும் 2 இலட்சத்து 25 ஆயிரத்துக்கும் அதிகமான பெட்டிகள் விற்றுத் தீர்ந்தன.

இவ்வளவு நல்ல தொடக்கம் கிடைத்தும் அது ஏன் தோற்றது? விடையை அறியச் சில வருடங்கள் பின்னோக்கிப் போக வேண்டும்.

சேகாவின் 'மெகா ட்ரைவ்' என்ற பழைய பெட்டி பல நாடுகளில் வீடு வீடாகப் பரவியிருந்தது. 1994 நவம்பரில், அதன்மேல் பொருத்தும் '32எக்ஸ்' என்ற துணைச் சாதனத்தை அந்தக் கம்பனி அமெரிக்காவில் விற்றது. பெற்றோரும் பணம் கொடுத்து வாங்கினர். ஆனால் ஆறே மாதத்தில், 1995 மே 11ஆம் திகதி, 'சாட்டர்ன்' என்ற முற்றிலும் புதிய பெட்டியை அதே கம்பனி அங்கே கடைக்குக் கொண்டுவந்தது. 32எக்ஸுக்கு வாங்கிய விளையாட்டுகள் புதியதில் இயங்கவில்லை. முதலில் வாங்கியவர்களின் பணம் என்னாவது?

கடைக்காரர்களுக்கும் மனக்கசப்பு ஏற்பட்டது. சாட்டர்ன் செப்டெம்பரில் வரும் என்றுதான் முன்பு சொல்லியிருந்தார்கள். திடீரென்று மே மாதத்திலேயே, குறிப்பிட்ட சில கடைகளுக்கு மட்டும் கொடுத்தார்கள். பெட்டி கிடைக்காத கடைகள் கோபித்துக்கொண்டன. அதன் விலை 399 டொலர். அதே நாளில் சொனி கம்பனி தன் 'பிளேஸ்டேஷன்' 299 டொலர்தான் என்று அறிவித்தது. சாட்டர்ன் அமெரிக்காவில் தோற்றது. கம்பனியின் நட்டமும் ஏறியது.

ஆக, ட்ரீம்காஸ்ட் பிறக்கும்போதே கம்பனியின் கையில் காசும் குறைவு, வாங்குவோர் மனதில் நம்பிக்கையும் குறைவு. விளையாட்டுகளைத் தயாரிக்கும் பெரிய கம்பனிகளில் ஒன்றான எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் இதற்கென்று எதுவுமே செய்து கொடுக்கவில்லை.

சொனியோ 1999 மார்ச் மாதமே 'பிளேஸ்டேஷன் 2' வருகிறது என்று அறிவித்துவிட்டது. அதில் டிவிடி படமும் பார்க்கலாம். பழைய பிளேஸ்டேஷனுக்கு வாங்கிய இறுவட்டுகளையும் போட்டு விளையாடலாம். ஒரு தாயின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். முன்பு செலவழித்த காசு வீணாகாது என்றால் மனம் அந்தப் பக்கம் சாயாதா? பலர் ட்ரீம்காஸ்டை வாங்காமல் பொறுத்திருந்தார்கள். 2000 ஒக்டோபரில் பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவுக்கு வந்தது. 299 டொலர் கொடுத்து அதை வாங்க மக்கள் வரிசையில் நின்றார்கள். ட்ரீம்காஸ்டின் விலையை அதற்கு முன்பே 149 டொலராகக் குறைத்தும் பயனில்லை. இறுவட்டுகளைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுத்ததும் வருமானத்தைக் குறைத்தது.

2001 ஜனவரி 31ஆம் திகதி, மார்ச் மாதத்தோடு உற்பத்தியை நிறுத்துவதாக சேகா அறிவித்தது. அதன் தலைவர் இசாவோ ஒகாவா, கம்பனியைக் காப்பாற்றச் சுமார் 69 கோடி டொலர் பெறுமதியான சொந்தச் சொத்தைக் கொடுத்துவிட்டு, அதே வருடம் மார்ச் 16ஆம் திகதி காலமானார். உலகம் முழுவதும் விற்ற ட்ரீம்காஸ்ட் சுமார் 91 இலட்சம். பிளேஸ்டேஷன் 2 விற்றது 15 கோடிக்கும் மேல். அதன்பின் சேகா பெட்டி தயாரிப்பதைக் கைவிட்டு, முன்பு தன்னோடு போட்டியிட்டவர்களின் பெட்டிகளுக்கே விளையாட்டுகள் செய்து கொடுக்கத் தொடங்கியது.

சகோதரிகளே, தோற்ற பெட்டியில் பெரிய குறை இருக்கவில்லை. அதற்கு முன்பு விற்றவற்றை நடுவழியில் கைவிட்டதுதான் குறை. வாங்கியவர் அதை மறப்பதில்லை. நீங்கள் வீட்டில் தையல் தைத்து விற்றாலும், பலகாரம் செய்து கொடுத்தாலும் இது பொருந்தும். இன்றைய பொருள் நன்றாக இருப்பது மட்டும் போதாது. போன முறை வாங்கியவர் மனம் நொந்து போகாமல் இருந்திருக்க வேண்டும்.

பிள்ளை ஒரு புதிய சாதனம் கேட்டு அடம்பிடிக்கும்போதும், விலையை மட்டும் விசாரிக்காதீர்கள். பழுதானால் திருத்திக் கொடுப்பார்களா, இன்னும் இரண்டு வருடத்தில் இதைக் கவனிக்க ஆள் இருக்குமா என்பதையும் கேளுங்கள். கடைக்காரர் தயங்கினால், நீங்களும் கொஞ்சம் பொறுத்திருங்கள்.