கால் சைஸ் வயலின்

மாட்டுங்காவில் சொல்லித்தர ஆள் உண்டு. தாராவியில் கற்றுக்கொள்ளக் குழந்தைகள் உண்டு. நடுவே ஒரு ரயில் பாதை. கூடவே, பள்ளிக்கூடங்கள் ஏற்கத் தயங்கும் ஒரு பொறுப்பு.

மும்பை கிங்ஸ் சர்க்கிள் பக்கம் மாலையில் நடந்தால், தோளில் கறுப்புப் பெட்டியை மாட்டிக்கொண்டு அம்மாவோடு போகும் பிள்ளைகள் கண்ணில் படுவார்கள். பெட்டிக்குள் வயலின். மாட்டுங்காவின் தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. 1952ல் தொடங்கிய ஷண்முகானந்தா சபா கச்சேரி வைப்பதோடு நிற்காமல் சங்கீத வித்யாலயாவும் நடத்துகிறது. செம்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி இருக்கிறது. இவை போதாதென்று, கூடத்தில் பாய் விரித்து ஸரளி வரிசை சொல்லித்தரும் மாமாக்களும் மாமிகளும் உண்டு.

சென்ட்ரல் ரயில் பாதையைக் கடந்து மேற்கே வந்தால் தாராவி. அங்கேயும் தமிழ் கேட்கும். தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் பேரன் பேத்திகளும் கொள்ளுப் பேரன்களும் அங்கே வளர்கிறார்கள். இசைக்குப் பஞ்சமில்லை. கோயில் விழா என்றால் மேளம் முழங்கும். பழைய சாமான் பொறுக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் பிளாஸ்டிக் டிரம்மையும் டப்பாவையும் தட்டியே ‘தாராவி ராக்ஸ்’ என்ற குழுவாக மேடை ஏறினார்கள். தாராவியின் ராப் பாட்டு, 2019ல் ‘கல்லி பாய்’ படம் வந்த பிறகு நாடறிந்த சங்கதி. அபூர்வமாக இருப்பது வயலின்தான்.

காரணம் திறமைக் குறைவு அல்ல. ராப்புக்கு வாய் போதும். தாளத்துக்கு டப்பா போதும். வயலினுக்கு மூன்று வேண்டும்: கைக்கு அளவான வாத்தியம், வாரம் தவறாமல் வரும் ஆசிரியர், தினமும் அரை மணி நேரம் சாதகம் செய்ய ஓர் இடம். மாட்டுங்கா குழந்தைக்கு இந்த மூன்றையும் வீடே தந்துவிடுகிறது. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேரோடு வாழும் குழந்தைக்கு, இவற்றைப் பள்ளிக்கூடம் தந்தால்தான் உண்டு.

ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் ஆர்கெஸ்ட்ரா என்றால் கீபோர்டு, கிடார், டிரம்ஸ். கீபோர்டில் விரலை வைத்தால் ஸ்வரம் சரியாகவே ஒலிக்கும். மூன்று மாதத்தில் ஆண்டு விழாவுக்கு ஒரு பாட்டு தயார். வயலினில் ஸ்வர ஸ்தானத்தைக் காட்டிக்கொடுக்க மெட்டு கிடையாது. காது சொல்ல, விரல் தேடிப் பழக வேண்டும். அதற்கு இரண்டு வருடம் காத்திருக்கும் பொறுமை பள்ளி நிர்வாகங்களுக்கு எளிதில் வருவதில்லை.

இந்த அவசரத்தின் விலையை நரிமன் பாயின்டில் பார்க்கலாம். 2006ல் என்.சி.பி.ஏ. அரங்கில் ‘சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா’ தொடங்கப்பட்டபோது நாற்காலிகளை நிரப்ப இந்தியக் கலைஞர்கள் போதவில்லை. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான வயலின் கலைஞர் மராட் பிஸென்கலியேவ் கஸகஸ்தான்காரர். வாசித்தவர்களிலும் பலர் அங்கிருந்து வந்தவர்கள். இருபது வயதில் ஒருவர் ஆர்கெஸ்ட்ராவில் உட்கார வேண்டுமானால் ஆறேழு வயதில் வில்லைப் பிடித்திருக்க வேண்டும். இதை உணர்ந்துதான் அந்த அமைப்பு 2012ல் குழந்தைகளுக்காக ஓர் இசை அகாடமியைத் தொடங்கியது.

விசித்திரம் என்னவென்றால், இதே பம்பாயில் ஒரு காலத்தில் வயலின் வாசிக்க ஆள் பஞ்சமே இல்லை. இந்தி சினிமாப் பாட்டுகளின் பொற்காலத்தில் ஒலிப்பதிவுக் கூடங்களை நிறைத்தவர்களில் பெரும் பகுதியினர் கோவாக்காரர்கள். போர்த்துகீசியர் காலத்து சர்ச் பள்ளிகளில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஸ்வரக் குறிப்பும் வயலினும் கற்றுத்தரப்பட்டதன் பலன் அது. மஜோர்டா கிராமத்தில் சர்ச் பாடகர் குழுவை நடத்தியவரின் மகன்தான் அந்தோணி கோன்ஸால்வெஸ். பம்பாய் வந்து சினிமாவுக்கு வாசித்த அவரிடம் வயலின் கற்றவர் பியாரேலால். அந்த நன்றியில் பிறந்ததுதான் 1977ல் ‘அமர் அக்பர் அந்தோணி’ படத்தில் அவர் பெயரையே சொல்லும் பாட்டு. ஒரு தலைமுறை இசைக்கே அடிப்படை, பள்ளியில் இலவசமாகக் கிடைத்த வயலின் பாடம்.

சரி, இன்று ஒரு குழந்தையைச் சேர்ப்பதென்றால் எங்கே தொடங்குவது?

முதலில் அளவு. ‘வளர்ந்த பிறகும் உபயோகப்படுமே’ என்று முழு சைஸ் வயலினை வாங்குவது பெற்றோர் செய்யும் முதல் தப்பு. பள்ளிச் சீருடையைப் பெரிதாகத் தைப்பது போன்ற விஷயமல்ல இது. முழு சைஸ் வயலினின் உடல் 14 அங்குலம். கால் சைஸ் ஏறக்குறைய 11 அங்குலம். ஆறேழு வயதுக்குக் கால் சைஸ், எட்டு ஒன்பதுக்கு அரை, பத்தை ஒட்டி முக்கால், பன்னிரண்டு வாக்கில் முழுசு என்பது பொதுவான கணக்கு. அதற்கும் சிறிய குழந்தைகளுக்கு எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்றும் உண்டு. இடது கையை நீட்டி வயலினைத் தோளில் வைத்தால் அதன் தலைப்பகுதி உள்ளங்கைக்குள் வந்து அடங்க வேண்டும். எட்டாத வயலினில் முதலில் வலிப்பது தோள். பிறகு விட்டுப்போவது ஆசை.

ஆரம்ப வயலின் ஒன்று பெட்டி, வில்லோடு சேர்த்து 5,000 ரூபாய் சுமாருக்குத் தொடங்குகிறது. இரண்டு வருடத்தில் குழந்தை அதைத் தாண்டிவிடும். எனவே மாட்டுங்கா, செம்பூர் குடும்பங்கள் அக்கா வாசித்ததைத் தம்பிக்கு, மாடி வீட்டுப் பையனுடையதைக் கீழ் வீட்டுப் பெண்ணுக்கு என்று கைமாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். தாராவிக் குழந்தைக்கோ இந்தக் கைமாற்று வட்டமே கிடையாது. முதல் வயலினை யாராவது தந்தாலும், இரண்டாவதை யார் தருவார்கள்?

அடுத்து, எந்தப் பாணி? தமிழ்ப் பெற்றோரைத் தடுமாற வைக்கும் கேள்வி இது. வாத்தியம் ஒன்றுதான். 19ஆம் நூற்றாண்டில் பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் கைக்கொண்டபின் அது நம்முடையதாகவே ஆகிவிட்டது. ஆனால் கர்நாடக சங்கீதத்தில் சம்மணமிட்டு, வயலினின் தலையைக் காலில் ஊன்றி, ஸ-ப-ஸ-ப என்று சுருதி சேர்த்து வாசிக்கிறோம். விரல் கம்பியில் வழுக்கிப் போனால்தான் கமகம். பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் நாற்காலி, தாடையால் பிடிக்கும் முறை, ஜி-டி-ஏ-இ சுருதி, எதிரே ஐந்து கோட்டுக் குறிப்பு. ஒன்றில் கை படிந்த பிறகு மற்றொன்று வருவது கடினமல்ல. இரண்டையும் ஒரே மாதத்தில் தொடங்கினால்தான் குழந்தை குழம்பும். வித்யாலயாவில் இரண்டு வருடம் உட்கார்ந்த காது ஆர்கெஸ்ட்ராவில் வீண்போகாது.

வயலின்தான் வேண்டும் என்றும் இல்லை. ஆர்கெஸ்ட்ராவுக்கு வயோலாவும் செல்லோவும் தேவை. அவற்றுக்குப் போட்டி குறைவு.

பிறகு, சத்தம். முதல் ஆறு மாதம் வீட்டில் கேட்பது சங்கீதமல்ல, கதவுக் கீல் முனகல். அந்தக் காலத்தில் ஒரு சொல் போதும், குழந்தை பெட்டியை மூடிவிடும். ஜப்பானிய ஆசிரியர் ஷினிச்சி சுஸுகி தாய்மொழி போல இசையைக் கற்பிக்கும் முறையை வகுத்தபோது, பெற்றோரையும் வகுப்பில் உட்கார வைத்தது இதனால்தான். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இசை தெரிய வேண்டியதில்லை. தினமும் ஒரே நேரத்தில் பதினைந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். வாசித்தபின் வில்லின் முடியைத் தளர்த்த வேண்டும் என்பதை நினைவூட்டினால் இன்னும் நல்லது. மும்பை மழைக்காலத்தில் பிருடைகள் ஊதி இறுகும், ஒட்டிய பலகை வாய்விடும். பெட்டியைத் தரையில் வைக்கக் கூடாது.

இங்கேதான் பள்ளி ஆர்கெஸ்ட்ராவின் மகிமை. தனி வகுப்பில் குழந்தை தன் கீச்சொலியை மட்டும் கேட்கிறது. ஆர்கெஸ்ட்ராவில், மூத்த பிள்ளைகள் மெட்டை வாசிக்க, புதிதாக வந்தவர் விரலே வைக்காமல் வெறும் கம்பியைத் தாளத்துக்கு இழுத்தாலும் போதும். முதல் மாதத்திலேயே அது ஒரு பாட்டின் பகுதியாகிவிடுகிறது. கிரேடு பரீட்சைக்காக மூன்று உருப்படியை மட்டும் உருப்போடும் பிள்ளைகளுக்கும் இதுவே மாற்று மருந்து.

ஏழைப் பள்ளிகளால் இது முடியுமா? முடிந்திருக்கிறது. இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டன் நகரில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு பள்ளியில் தொடங்கிய திட்டம் இது: வாத்தியக் கம்பெனி தவணையில் வயலின் தரும், ஆசிரியர் மொத்த வகுப்புக்கும் சேர்த்துக் கற்றுத்தருவார். 1909 வாக்கில் சுமார் 4 லட்சம் பிள்ளைகள் அப்படிக் கற்றார்கள். நம் நாட்டில் காலிம்பாங்கின் காந்தி ஆசிரமப் பள்ளியில், 1993 முதல் கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குச் சோறோடு வயலினும் தந்தார் பாதிரியார் எட்வர்ட் மெக்வயர். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் அறக்கட்டளையின் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா வசதியற்ற பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிக் கற்பிக்கிறது. கோவாவில் டாக்டர் லூயிஸ் டயஸ் 2009ல் ‘சைல்ட்ஸ் ப்ளே’ அமைப்பைத் தொடங்கி, ஒரு காலத்தில் அந்த மண்ணில் சாதாரணமாக இருந்ததை மறுபடி நட்டுக்கொண்டிருக்கிறார்.

எல்லா இடத்திலும் ஒரே சூத்திரம். வயலின் பள்ளிக்குச் சொந்தம். குழந்தை வளர வளர அளவை மாற்றிக்கொள்ளலாம். வகுப்பு முடிந்த பிறகும் ஓர் அறை திறந்திருக்கும், சாதகம் அங்கேயே. ஆசிரியர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வருவார், எந்தப் பருவத்திலும் நிற்க மாட்டார். பத்து வயலினுக்கு ஆகும் செலவு அறுபதாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடலாம். அது ஒருமுறைச் செலவு. கடினமானது ஆசிரியரின் சம்பளம். அது ஒவ்வொரு மாதமும் வரும்.

பராகுவே நாட்டில் கட்டேயுரா என்ற குப்பைமேட்டுக் குடியிருப்பு உண்டு. 2006ல் அங்கே வேலைக்குப் போன ஃபாவியோ சாவேஸ் பிள்ளைகளுக்கு இசை சொல்லித்தர விரும்பினார். வயலின் வாங்க வழியில்லை. குப்பை பொறுக்கும் ஒருவர் தகர டப்பாவிலும் பழைய முள்கரண்டியிலும் வயலின் செய்து கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் பின்னர் உலக மேடைகளில் வாசித்தார்கள். பழைய பொருளைப் புதுசாக்கும் வித்தையை தாராவிக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தகர வயலின் அங்கே நாளைக்கே தயாராகிவிடும். வாரம் தவறாமல் வந்து நிற்கும் ஓர் ஆசிரியரை மட்டும் எந்தத் தகரத்திலும் செய்ய முடியாது.