கவசம் தரித்த மத்தியஸ்தர்

நியாயம் சொல்ல வந்தவருக்குக் கவசம் எதற்கு? கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமது நேயர்கள் இப்படிக் கேட்பது இயல்பே. அங்கே அம்பயர் தலையில் ஒரு தொப்பியோடு சாவகாசமாக நிற்பார். விரலை உயர்த்தினால் காரியம் தீர்ந்தது. ஆனால் அமெரிக்கர்கள் தங்கள் தேசிய விளையாட்டு என்று போற்றும் பேஸ்பாலில் மத்தியஸ்தரின் பாடு வேறு. யுத்தகளத்துக்குப் புறப்படும் வீரனைப்போல் உடுத்திக்கொண்டுதான் அவர் மைதானத்தில் இறங்குகிறார்.

காரணம் அவர் நிற்கும் இடம். மட்டை பிடிப்பவருக்கு அருகே தரையில் ஐங்கோண வடிவமான வெள்ளைப் பலகை ஒன்று பதித்திருக்கும். 'ஹோம் பிளேட்' என்று பெயர். அகலம் 17 அங்குலம். பந்து எறிபவர் 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பால் நின்று, மணிக்கு 95 மைல் வேகத்தில் வீசுகிறார். அது அரை விநாடிக்குள் வந்து சேர்ந்துவிடும். பலகைக்குப் பின்னால் பந்து பிடிப்பவர் குந்தியிருக்க, அவருக்கும் பின்னால் அம்பயர் குனிந்து நின்று பார்க்கிறார். பந்து பலகைக்கு மேலாக, ஆட்டக்காரரின் முழங்காலுக்கும் நடு மார்புக்கும் இடையே வந்தால் 'ஸ்ட்ரைக்'. தப்பி வந்து, அவரும் மட்டையை வீசாமலிருந்தால் 'பால்'. மூன்று ஸ்ட்ரைக்கானால் ஆட்டக்காரர் வெளியே. நான்கு பாலானால் முதல் தளம் அவருக்கு இனாம். ஓர் ஆட்டத்தில் ஏறக்குறைய 300 பந்துகள் எறியப்படுகின்றன. அத்தனையையும் அவர் கண் கொட்டாமல் பார்த்தாக வேண்டும்.

மட்டையின் விளிம்பில் உராய்ந்த பந்து திசை மாறி நேரே அவர் முகத்துக்கு வரக்கூடும். விலகுவதற்கு அவகாசம் கிடையாது. அதற்காகவே முகமூடி. 1877-இல் ஹார்வர்டு சர்வகலாசாலைக் குழுவின் தலைவரான பிரெட் தேயர், வாட்பயிற்சிக்காரர்களின் முகமூடியைப் பார்த்து, பந்து பிடிப்பவருக்கென்று கம்பி முகமூடி ஒன்றைச் செய்வித்தார். பறவைக் கூண்டு என்று ஜனங்கள் பரிகசித்தார்கள். பரிகாசம் போயிற்று, கூண்டு நிலைத்தது, அம்பயர்களும் அதை மாட்டிக்கொண்டார்கள். 1976-இல் ஸ்டீவ் யீகர் என்ற ஆட்டக்காரர் தம் முறைக்காகக் காத்திருந்தபோது, வேறொருவரின் மட்டை உடைந்து அதன் சிம்பு அவர் கழுத்தில் பாய்ந்தது. அவர் பிழைத்தார். அதற்குப் பிறகு முகமூடியின் கீழே தொண்டையை மறைக்கும் தகடு ஒன்று தொங்கலாயிற்று. கால்சட்டைக்குள்ளே முழந்தாள் காப்பு, விரல்களைக் காக்கும் கடினமான பாதரட்சை ஆகியவையும் உண்டு.

மார்புக் கவசத்தைப் பற்றி மட்டும் நெடுங்காலம் இரண்டு கட்சிகள் இருந்தன. அமெரிக்கன் லீக் அம்பயர்கள், காற்றடைத்த பெரிய மெத்தை போன்ற கேடயத்தைச் சட்டைக்கு வெளியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். நேஷனல் லீக்கில் பில் கிளெம் என்ற புகழ்பெற்ற அம்பயரின் வழியைப் பின்பற்றி, சட்டைக்குள்ளே மெல்லிய கவசம் அணிந்தார்கள். மெத்தைக்காரர் நிமிர்ந்து, பந்து பிடிப்பவரின் தலைக்கு மேலாகத்தான் பார்க்க முடியும். உட்கவசக்காரர் தாழக் குனிந்து அவர் தோளோரமாகப் பார்ப்பார். ஆகையால் ஒரு லீக்கில் உயரமான பந்துகளும் மற்றதில் தாழ்ந்த பந்துகளும் அதிகமாக ஸ்ட்ரைக் ஆகின்றன என்று ஆட்டக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். உடுப்பு மாறினால் நீதியும் மாறுமா என்று நாம் சிரிக்கலாம். ஆனால் நிற்கும் நிலையைப் பொறுத்துத்தானே பார்வை! 1977 முதல் அமெரிக்கன் லீக்கின் புதிய அம்பயர்களும் உட்கவசமே அணிய வேண்டும் என்று விதி வந்தது. மெத்தை மெல்ல மறைந்தது.

கவசம் பந்தைத் தடுக்குமே தவிர ஜனங்களின் கோபத்தைத் தடுக்காது. 1907-இல் செயின்ட் லூயிஸ் நகரில், கூட்டத்திலிருந்து வீசப்பட்ட பாட்டில் பில்லி எவான்ஸ் என்ற இளம் அம்பயரின் மண்டையை உடைத்துவிட்டது. அவர் குணமடைந்து மறுபடியும் மைதானத்துக்கே வந்தார்.

தீர்ப்பைச் சரியாகச் சொன்னால் மட்டும் போதாது. அது எல்லோருக்கும் தெரிய வேண்டும். ஆயிரக்கணக்கானோர் ஆரவாரிக்கும் இடத்தில் ஒருவரின் குரல் எம்மாத்திரம்? அதனால்தான் சமிக்ஞைகள். வலக்கை உயர்ந்தால் ஸ்ட்ரைக். இரு கைகளும் பக்கவாட்டில் விரிந்தால் ஓடியவர் பிழைத்தார். முஷ்டி மடங்கினால் அவர் வெளியே. பந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே போனால் இரு கைகளையும் தூக்கி 'ஃபௌல்' என்று கூவுவார். உள்ளே விழுந்தாலோ, கையால் சுட்டுவாரே தவிர வாய் திறக்க மாட்டார். 'ஃபேர்' என்றால் 'ஃபௌல்' என்று காதில் விழுந்து ஆட்டமே குழம்பிவிடும் அல்லவா?

இச்சமிக்ஞைகள் பிறந்த வரலாறு உருக்கமானது. வில்லியம் ஹாய் என்பவர் குழந்தைப் பருவத்திலேயே நோயினால் செவிப்புலனை இழந்தவர். 1888-இல் பெரிய லீக்கில் ஆடத் தொடங்கி, முதல் வருஷத்திலேயே 82 தளங்களைத் திருட்டு ஓட்டத்தில் கைப்பற்றினார். அம்பயரின் குரல் கேட்காததால், தம் குழுப் பயிற்சியாளரைக் கையசைத்துத் தெரிவிக்கும்படி ஏற்பாடு செய்துகொண்டார். அம்பயர் சமிக்ஞைகளே இவருக்காகத்தான் ஏற்பட்டன என்பது பிரசித்தமான கதை. ஆராய்ச்சிக்காரர்கள் அதை அப்படியே ஒப்புவதில்லை. சை ரிக்லர் என்ற அம்பயர் 1905-இல் வலக்கையை உயர்த்தினார் என்பார் உண்டு. கீர்த்தி மண்டபத்தில் பில் கிளெம்முக்கு வைத்த பலகையோ பெருமையை அவருக்கே தருகிறது. எவர் தொடங்கினாலும், செவி கேளாத ஒருவருக்கு வேண்டியிருந்தது செவியுள்ள எல்லோருக்கும் பயன்பட்டது என்பதில் ஐயமில்லை.

இந்தக் கவசத்தை எல்லோரும் எளிதில் அணிந்துவிடவில்லை. கறுப்பு இனத்தவரான எம்மெட் ஆஷ்ஃபோர்டு பெரிய லீக்கில் அம்பயரானது 1966-இல். அப்போது அவருக்கு வயது 51. பெண்மணி பெர்னீஸ் கெரா வழக்காடி உரிமை பெற்று, 1972-இல் ஒரு சிறிய லீக்கில் ஒரே ஓர் ஆட்டத்துக்கு அம்பயராக நின்று விலகினார். பெரிய லீக்கில் ஒரு பெண்மணி நிற்க 2025 ஆகஸ்டு மாதம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் ஜென் பாவல். பேஸ்பாலின் சகோதர விளையாட்டாகிய சாஃப்ட்பாலில் ஆடியும் அம்பயராக நின்றும் பழகியவர். சாஃப்ட்பாலில் பந்து பெரிது, எறியும் தூரம் குறைவு. சமிக்ஞைகள் பெரும்பாலும் ஒன்றே.

2026 ஆட்டப் பருவம் முதல், பெரிய லீக்கில் ஸ்ட்ரைக் தீர்ப்பை ஆட்டக்காரர் ஆட்சேபிக்கலாம் என்று விதி ஏற்பட்டிருக்கிறது. அவர் தலையைத் தட்டிக் காட்டினால், பந்து சென்ற வழியை இயந்திரம் கணித்துச் சொல்லும். ஆட்சேபிப்பவருக்கும் ஒரு சமிக்ஞை வந்துவிட்டது!

அம்பயரின் கவசம் பயத்தின் அடையாளமன்று. உடலுக்கு அச்சமிருந்தால் கண் இமைக்கும். கண் இமைத்தால் நியாயம் தவறும். உயர்த்திய கையும் ஆடம்பரமன்று. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஏழைக்கும் தீர்ப்பு தெரிய வேண்டும் என்பதே அதன் பொருள். அஞ்சாமல் பார்த்து, மறைக்காமல் சொல்வது விளையாட்டு மைதானத்துக்கு மட்டும் உரிய தர்மமா என்ன?