பாய்மரப் படகின் மேல்தளத்தில் நீர்க்கசிவு

வேளச்சேரியில் குடியிருப்போருக்கு நீரின் இயல்பை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளம் எல்லோரும் காணத் தலைவாயில் வழியாக வந்தது. மாடிக் கூரையில் ஒழுகும் நீரோ அவ்வாறன்று; கூடத்தின் நடுவில் சொட்டும், ஆனால் விரிசல் கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் இருக்கும். பாய்மரப் படகின் மேல்தளத்திலும் நீர் இதே வேலையைச் செய்கிறது.

சென்னைக்குத் துறைமுகம் அமையாத நாளில், பயணிகளைக் கரை சேர்த்தவை மசூலா படகுகள். அவற்றின் பலகைகளை ஆணியால் அறையாமல் கயிற்றால் தைத்தார்கள். தையலிடையே நீர் கசியும் என்பது அனைவரும் அறிந்ததே, இறைத்து ஊற்றுவார்கள். கண்ணுக்குத் தெரியும் கசிவு அவ்வளவு கொடியதன்று. இக்காலப் படகில் கசிவு மறைந்து நிகழ்வதே தொல்லை.

இன்றைய பாய்மரப் படகுகள் பலவற்றின் மேல்தளம் மூன்று அடுக்கால் ஆனது. மேலும் கீழும் ஃபைபர் எனப்படும் கண்ணாடியிழைத் தோல். நடுவில் பால்சா மரம், ஒட்டுப்பலகை அல்லது நுரைப்பொருளால் ஆன உள்ளீடு. மளிகைக் கடை அட்டைப்பெட்டியைக் கிழித்துப் பாருங்கள். இரண்டு தாள்களுக்கு நடுவே நெளிந்த தாள் ஒன்று இருக்கும். தாள்கள் விலகி நிற்பதனாலேயே அட்டை வளையாமல் பாரம் தாங்குகிறது. நம் கடற்படையின் பெண் அதிகாரிகள் அறுவர் 2017-18-இல் உலகைச் சுற்றி வந்த 'தாரிணி'யும், மரத்தை நடுவே வைத்துக் கண்ணாடியிழை போர்த்திக் கோவாவில் கட்டப்பட்ட படகே. எடை குறைவு, உறுதி மிகுதி.

ஆனால் அந்த அட்டைப்பெட்டி நனைந்தால் என்னவாகும்? அதுவே மேல்தளத்துக்கும் நேரும். கண்ணாடியிழைத் தோல் எளிதில் நீரை உள்ளே விடாது. வழி திறந்து வைப்பவர் மனிதரே. கைப்பிடிக் கம்பம், கயிறு கட்டும் முளை, பாய் இழுக்கும் உருளை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தளத்தைத் துளைத்து மரையாணி பூட்டுகிறோம். ஆணியைச் சுற்றிய அடைபசை சில ஆண்டுகளில் வெயிலாலும் அசைவாலும் விட்டுப்போகிறது. நீர் உட்புகுகிறது, மரம் ஊறி அழுகுகிறது, தோல் பிரிகிறது. மேலே பூச்சு மட்டும் பளபளக்கும். புயலில் ஒருவர் நிலைதடுமாறிக் கைப்பிடிக் கம்பத்தின்மேல் சாய்கிறார் என்று கொள்வோம். அழுகிய உள்ளீட்டில் நின்ற கம்பம் பெயர்ந்தால், அவர் கடலில் வீழ்வார்.

எனவே முதல் தற்காப்பு துளையிடும்போதே தொடங்குகிறது. 8 மில்லிமீட்டர் ஆணிக்கு 16 மில்லிமீட்டர் அளவில் துளையிடுக. வளைத்த ஆணியொன்றைத் துளைப்பொறியில் பூட்டிச் சுழற்றினால், சுற்றியுள்ள உள்ளீடு இன்னும் சற்றுக் குடையப்படும். கீழ்வாயை ஒட்டுநாடாவால் மூடி, தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்சிப் பசையால் நிரப்புக. அது கல்லாக இறுகியபின் அதன் நடுவே 8 மில்லிமீட்டர் துளையிட்டு, அடைபசையோ பியூட்டில் ரப்பர் நாடாவோ வைத்து ஆணி பூட்டுக. பிற்காலத்தில் அடைபசை தோற்றாலும் நீர் எபாக்சிச் சுவரைத்தான் தொடும், மரத்தைத் தொடாது. ஒரு பிற்பகல் வேலைதான். இதைச் செய்யாமல் விடுவதைச் சிக்கனம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பழைய படகாயின் தட்டிப் பார்த்தே அறியலாம். முற்றிய தேங்காயைச் சுண்டிப் பார்க்கத் தெரிந்தவருக்கு இது எளிது. நாணயத்தால் தட்டும்போது நல்ல தளம் கணீரென்று ஒலிக்கும்; ஊறிய தளம் மொத்தென்று அடங்கும். அவ்வெல்லையைச் சுண்ணக்கட்டியால் வரைந்துகொள்ளலாம். காலடியில் தளம் அமுங்குமாயின் கேடு முற்றியது எனக் கொள்க.

சிறு துளைகள் இட்டு ஈர மரத்துக்குள் எபாக்சியைச் செலுத்தினால் போதும் என்பார் உளர். ஈரத்தின்மேல் பசை பற்றாது. உள்ளிருக்கும் நீருக்கு மூடி போட்டதுதான் மிச்சம். மேல்தோலை அளவாக அறுத்தெடுத்து, அழுகியதை நல்ல மரம் தெரியும்வரை சுரண்டி, புதிய உள்ளீட்டை எபாக்சியால் ஒட்ட வேண்டும். பிறகு தோலை மீண்டும் பொருத்தி, வெட்டிய இணைப்பின் இருபுறமும் சரிவாகத் தேய்த்து, அதன்மேல் புதிய கண்ணாடியிழைத் துணியை அடுக்குவர். சரிவின் அகலம் தோலின் தடிப்பைப்போல் பன்னிரு மடங்கு இருத்தல் நன்று; 3 மில்லிமீட்டர் தோலுக்கு 36 மில்லிமீட்டர். தேய்க்கும்போது எழும் கண்ணாடித் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகமூடியும் கையுறையும் இன்றித் தொடலாகாது. எபாக்சி இறுகும்போது வெப்பம் உமிழும். சென்னை வெயிலில் குவளை நிறையக் கலந்து வைத்தால் புகைந்து கெட்டுவிடும். சிறிது சிறிதாகக் கலந்து, அகன்ற தட்டில் பரப்பிக்கொள்க.

ஐப்பசியும் கார்த்திகையும் இவ்வேலைக்கு ஆகா. மழை ஓய்ந்து, தை பிறந்தபின் தளத்தைத் திறந்து வாரக்கணக்கில் உலரவிட வேண்டும். உலர்ந்ததா என்றறிய, மரத்தின்மேல் ஒரு பாலித்தீன் தாளை விளிம்பு சுற்றி ஒட்டி, ஓர் இரவு விடுக. மறுநாட்காலை தாளின் உட்புறம் நீர் பனித்துளிபோல் அரும்பியிருந்தால், அன்று எபாக்சியைத் திறக்க வேண்டா.